மாப்பிள்ளையின் தோல்

எங்கள் துறைமுகத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு கடலுக்குள் இறங்கி ஈட்டித் துப்பாக்கியால் மீன் அடிக்கிறவர்கள், உடம்பை ஒட்டிக் கறுப்பு ரப்பரில் ஓர் உடுப்புப் போடுவார்கள். கம்பெனிக்காரன் அதற்கு வைத்த பெயர் வேறு. இங்கே அதன் பெயர் தோல். தோல் கிழிந்தால் என் தங்கை புருஷனிடம்தான் வர வேண்டும். அதனால் அவர் தோல்காரர்.

டயர்க் கடைக்குப் பின்னால் இருக்கிற சந்தில் அவர் கடை. அந்த வழியாகப் புதிதாக நடந்து போகிறவர்கள் காதில், "என் தோலை எப்பத் தைப்பீங்க?", "அவன் தோலை நேத்தே உரிச்சு ஆணியில மாட்டிட்டேன், வந்து எடுத்துக்கச் சொல்லு" என்றெல்லாம் விழும். நடையை எட்டிப் போடுவார்கள். ஒருத்தர் காவல் நிலையம்வரை போய்ப் புகார் கொடுத்துவிட்டார். விசாரிக்க வந்த காவலர் சுவரெல்லாம் தொங்குகிற தோல்களை நிதானமாகப் பார்த்தார். பிறகு தன் மைத்துனனின் தோலை எடுத்துவந்து, முழங்காலில் ஒட்டுப் போடக் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் தோல்காரரின் மச்சான். இழுவைப் படகில் சமையல்காரனாக இருந்து, என் சமையலைச் சாப்பிட்டவர்களில் பிழைத்தவர்கள் எல்லாரும் ஓய்வு பெற்ற பிறகு நானும் ஓய்வு பெற்றேன். என் தங்கை போய்ச் சேர்ந்ததிலிருந்து பகல் பொழுது முழுக்க அவர் கடையில் ஒரு கவிழ்த்த வாளியின் மேல்தான் எனக்கு இருப்பு. கிழிந்த இரண்டு ஓரத்திலும் கறுப்புப் பசை தடவி, அது விரலில் ஒட்டாத பதத்துக்குக் காய்ந்த பிறகுதான் சேர்க்க முடியும். அதுவரை வாடிக்கையாளர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்களை உட்காரவைப்பது என் வேலை.

இந்தத் தோலின் உட்புறத்தில் துணி கிடையாது. வெறும் ரப்பர். உடம்பில் பட்டால் விடாது. சோப்புத் தண்ணீரை ஊற்றி வழுக்கவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். சோப்பை மறந்துவிட்டு நுழைந்த ஒருவன் வெளியே வர முடியாமல் தோலோடேயே பெண் பார்க்கப் போனதை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். பெண் வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை. எந்தக் கடைத் துணி என்று மட்டும் கேட்டார்கள்.

தோல்காரர் சிரிக்க மாட்டார். வளைந்த ஊசியை ரப்பரின் பாதிக் கனத்துக்குள் விட்டு, மறுபக்கம் எட்டிப் பார்க்காமல் வெளியே எடுப்பார். மறுபக்கம் வரை துளை விழுந்தால் தண்ணீருக்கு வாசல் திறந்த மாதிரி. அப்படிப்பட்ட கை. ஆனால் கடலில் கணுக்கால் நனைந்ததில்லை. சின்ன வயதிலிருந்தே பயம். தைத்ததைச் சோதிக்கக் கடை மூலையில் ஒரு ட்ரம் நிறையத் தண்ணீர் வைத்திருந்தார். அவருக்குத் தெரிந்த கடல் அதுதான்.

மாப்பிள்ளை, அதாவது தோல்காரரின் ஒரே மகளைக் கட்டியவர், ஒரு நாள் காலையில் தன் தோலைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். அவரோடு படகில் போகிற கொக்கும் வந்தான். கழுத்து நீளம், காலும் நீளம், மீனுக்காக அசையாமல் காத்திருப்பான். அவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

தோல்காரர் சுருளை விரித்தார். அக்குளிலிருந்து இடுப்புவரை கிழிசல்.

"எப்படி ஆச்சு மாப்பிள்ளை?"

"பாறை மாமா."

தோல்காரர் கிழிசலை இரண்டு விரலால் பிரித்துப் பார்த்தார். "பாறைன்னா பல்லுப் பல்லாக் கடிச்சிருக்கும். இது இழுத்துக் கிழிஞ்சிருக்கு. இங்க பாருங்க, நகம் பதிஞ்சிருக்கு."

"கொக்கு இழுத்தான். படகுல ஏத்தறதுக்கு."

"ஏன், உங்களுக்கு ஏறத் தெரியாதா?"

"தெரியும் மாமா" என்றான் கொக்கு. "முழிச்சிருந்தா."

மூச்சை அடக்கி இறங்குகிறவர்களுக்கு இந்த மயக்கம் வரும். கீழே ஒன்றும் தெரியாது. மேலே வந்து, தலை வெளியே நீட்டி, சூரியனைப் பார்த்துக்கொண்டே விளக்கை அணைத்த மாதிரி அணைந்து போவார்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் பிழைக்கலாம். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் கொக்கு இருந்தான்.

"எல்லாருக்கும் ஒரு தடவை வர்றதுதான்" என்றார் மாப்பிள்ளை. "வீட்டுல சொல்லாதீங்க."

"நான் சொல்ல மாட்டேன். உங்க பெரியப்பாதான் இங்க உக்காந்திருக்காரே" என்று தோல்காரர் என்னைக் காட்டினார்.

"அவர் சொன்னா யாரு நம்பப் போறா?"

மாப்பிள்ளை சொன்னது சரிதான். நான் சொல்லவில்லை. அதற்கு முன்பே மீன் ஏலக் கூடத்தில் யாரோ சொல்லி, தோல்காரரின் மகளுக்கு, அதாவது என் மருமகளுக்கு, விஷயம் போய்விட்டது. அவளுக்குக் குளிர்பதனக் கிடங்கில் மீனைப் பெட்டியில் அடுக்குகிற வேலை. சாப்பாட்டு இடைவேளையில் வெள்ளை ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கடைக்கு வந்து நின்றாள். கையுறை ஒன்று கையில், ஒன்று இடுப்பில்.

"தைச்சிட்டீங்களாப்பா?"

"பசை காயுது."

"தைக்காதீங்க."

"தைக்கலைன்னா கொக்குகிட்ட பழசு ஒண்ணு வாங்கிப் போட்டுக்குவாரு. அதுவும் கிடைக்கலைன்னா வெறும் உடம்போட போவாரு. நீ கட்டினவர் அப்படி."

"நீங்க கட்டி வெச்சவர்."

"பாத்து வெச்சது நான்" என்றேன். "கரையில பாத்தேன். கரையில நல்லாத்தான் இருந்தாரு."

"மாமா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

சும்மா இருந்தேன். அவள் தைக்கிற மேசை ஓரத்தில் உட்கார்ந்து, கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக உள்ளிருந்து வெளியே திருப்பிக்கொண்டிருந்தாள்.

"அவர் தூங்கும்போது மூச்சு வருதான்னு பாத்துக்கிட்டே இருக்கேன்பா. கொஞ்சம் மெதுவா விட்டாலும் எழுப்பிடறேன். எதுக்கு எழுப்பினேன்னு கேக்கறாரு. என்னன்னு சொல்ல? அவர் கடலை விட வேண்டாம். விடச் சொன்னா செத்துருவாரு. போகட்டும். மேலாப்புல இருக்கற மீனை அடிக்கட்டும். ஆழத்துக்குப் போகாம மட்டும் ஏதாவது பண்ணுங்கப்பா."

"நான் சொன்னாக் கேப்பாரா?"

"சொல்ல வேண்டாம். ஏதாவது பண்ணுங்க."

பெண்ணைக் கொடுத்தவர் மாப்பிள்ளையிடம் சௌக்கியம் கேட்கலாம், இன்னும் கொஞ்சம் சாப்பிடச் சொல்லலாம். இறங்காதே என்று சொல்ல வாய் வருமா? தோல்காரருக்கு வராது. ஆனால் கை வந்தது. தோலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

இந்த ரப்பருக்குள் கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழிகள் நிறைய. குளிரைத் தாங்குவதும் அதுதான், ஆளை மிதக்கவைப்பதும் அதுதான். அந்த மிதப்பை அடக்கி இறங்குவதற்குத்தான் இடுப்பில் ஈயக் கட்டிகள் கோத்த பெல்ட்டைக் கட்டுகிறார்கள். தோல் பழசாகப் பழசாகக் குமிழிகள் நசுங்கி, ரப்பர் செய்தித்தாள் மாதிரி ஆகிவிடும். மாப்பிள்ளையின் தோல் ஏறக்குறைய அந்த நிலைமையில் இருந்தது.

"புது ரப்பர் போட்டா மிதக்கும்" என்றார் தோல்காரர், யாரிடமும் சொல்லாத மாதிரி.

அவர் செய்ததை முழுக்கப் பார்த்தேன். துப்பாக்கியின் ரப்பர் பட்டையை இழுத்து மாட்டும்போது அடிப்பாகத்தை நெஞ்சில் ஊன்றுவார்கள். அதற்காக நெஞ்சில் ஒரு திண்டு எல்லாத் தோலிலும் இருக்கும். அந்தத் திண்டைப் பிரித்து, அதன் அடியில் கனமான புது ரப்பரை வெட்டி வைத்து மூடினார். முதுகின் கீழ்ப்பக்கம் இன்னொரு துண்டு. விலாவில் கிழிசலை ஒட்டுகிற சாக்கில் இரண்டு பக்கமும் இரண்டு. ஓரங்களையெல்லாம் பிளேடால் சரிவாகச் சீவி, தடவினால்கூடத் தெரியாதபடி இழைத்துவிட்டார். ஒரு தோலை அவர் ஒட்டிய அழகில், ஒட்டு எங்கே என்று தேடித் தேடி அதன் சொந்தக்காரருக்குக் கண்ணாடி போட வேண்டி வந்தது என்று நான் சொல்லிவந்தேன். அன்று அது பொய்யாகத் தோன்றவில்லை.

பிறகு தோலை ட்ரம்மில் போட்டு, மாப்பிள்ளையின் பழைய பெல்ட்டை அதன் மேல் வைத்தார். முன்பெல்லாம் அந்தப் பெல்ட்டோடு தோல் மெல்ல அடியில் போய் உட்காரும். இப்போது பெல்ட்டைச் சுமந்துகொண்டு தண்ணீர் மட்டத்தில் சவாரி செய்தது. கையால் அமுக்கினால் துள்ளிக்கொண்டு மேலே வந்தது. என் மருமகள் ஒரு விரலால் அதை அமுக்கிப் பார்த்தாள். வந்தது. திரும்ப அமுக்கினாள். வந்தது. சிரித்துவிட்டாள். அந்த மயக்கச் செய்தி வந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"கடலே வாங்கன்னு கூப்பிட்டாலும் இறங்க முடியாது" என்றார் தோல்காரர்.

கடலுக்குப் போய் வந்த முதல் நாளே படகுத்துறையில் ஒரே சிரிப்பாக இருந்தது. மாப்பிள்ளை தலைகீழாகப் பாய்ந்தாராம். கால் இரண்டும் வெளியிலேயே நின்று ஆடியதாம். கொக்கு அதைச் செய்து காட்டினான். பார்த்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். வலைக்கு மிதவை தேவைப்பட்டால் இவரைக் கட்டிக்கொள்ளலாம் என்றான் ஒருவன். நானும் என் பங்குக்கு, அவர் மேல் ஒரு கடற்பறவை முட்டையிட்டுவிட்டதாகச் சொன்னேன்.

மாப்பிள்ளை கடைக்கு வந்தார். தோல்காரர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மாமா, எனக்கு உடம்பு போட்டுருச்சா?"

"அப்படித் தெரியலையே."

"போட்டிருக்கு. அந்த மயக்கத்துக்கு அப்புறம் உங்க பொண்ணு தட்டை நிறைச்சு நிறைச்சு வெக்கறா. கொழுப்பு மிதக்கும் இல்ல? இறங்கவே முடியல. முன்னெல்லாம் ரெண்டு உதை விட்டாப் போதும், கல்லு மாதிரி போவேன்."

"கொஞ்ச நாள் மேலாப்புல இருங்களேன் மாப்பிள்ளை. மேல மீன் இல்லையா?"

"சின்னப் பசங்க அடிக்கற மீன் இருக்கு."

தோல்காரர் நூலை வாயில் வைத்து ஈரமாக்கினார். அந்த வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நூலைத்தான் கோத்தார்.

"பயமாயிருக்கும்னு கொக்கு சொல்றான்" என்றார் மாப்பிள்ளை. "பயம் வந்தா நுரையீரல்ல காத்தைக் கூடப் பிடிச்சுக்குவோமாம். அதான் மிதக்கறேனாம். பயமெல்லாம் இல்ல பெரியப்பா."

"இருந்தாத்தான் என்ன?" என்றேன். "எனக்கு வாளியில இருந்து எழுந்திருக்கவே பயமா இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. வீட்டில் சாப்பாட்டைக் குறைத்தார். அலைத் தடுப்புச் சுவர் மேல் வெயிலில் ஓடினார். என் மருமகள் தட்டோடு பின்னால் போனாள். கன்னம் ஒட்டியது, தோள் எலும்பு தெரிந்தது, மிதப்பு மட்டும் குறையவில்லை. குறையாது. மிதப்பது அவர் உடம்பு இல்லையே. ஆனால் அது அவருக்குத் தெரியாது. தன் தோல் அதே பழைய தோல் என்றும், தான்தான் வேறு ஆளாகிவிட்டோம் என்றும் நினைத்துக்கொண்டார். அவர் வெட்கத்தை யாருமே கணக்கில் சேர்க்கவில்லை, வீட்டிலும் கடையிலும்.

கடைசியில் பெல்ட்டில் ஈயம் சேர்த்தார். கொக்கிடம் உபரியாக இருந்த கட்டிகளை வாங்கிக் கோத்துக்கொண்டார். அதைக் கேள்விப்பட்டதும் தோல்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. பிறகு தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். "எவ்வளவு மிதப்பைக் கூட்டினேனோ அவ்வளவு ஈயம். பழைய கதைதான் மச்சான். தராசு நேராயிடுச்சு. இன்னொரு துண்டு வெச்சா மறுபடி தூக்கும்."

ட்ரம்மில் அது உண்மை. ட்ரம் என் இடுப்பு உயரம்.

கடலை அறிந்தவர்களுக்கு ஒட்டு தெரியாது. ஒட்டை அறிந்தவர்களுக்குக் கடல் தெரியாது. நடந்தது அவ்வளவுதான்.

நடந்ததைக் கொக்கு பிறகு பலமுறை சொன்னான். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி சொன்னான். நல்ல வெயில், தெளிந்த தண்ணீர். கீழே பாறைப் பொந்தின் வாயில் பெரிய கலவா மீன் ஒன்று நின்றது. மாப்பிள்ளை பல நாளாக இறங்க முடியாமல் கேலி வாங்கியவர். பாய்ந்தார். அழகாகப் போனார். கொக்கு மேலேயிருந்து முகத்தை நீருக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பழைய ஆளைப் பாத்த மாதிரி இருந்துச்சு" என்றான். "அடிச்சார். மீன் பொந்துக்குள்ள போயிடுச்சு. கயித்தைப் பிடிச்சு இழுத்தார். வரல. விட்டுட்டார். புத்தியோடதான் விட்டார். மேல பாத்துக் காலை அடிச்சார். அடிச்சுக்கிட்டே இருந்தார். ஆனா அதே இடத்துலதான் இருந்தார். மாட்டிக்கிட்ட வண்டிச் சக்கரம் சேத்துல சுத்தற மாதிரி. எனக்கு முதல்ல புரியல. அப்புறம் காலை அடிக்கறதை நிறுத்திட்டார்."

கொக்கு இறங்கினான். தன்னால் முடிகிற ஆழத்துக்கும் கீழே போய், இடுப்பைத் தடவி, பெல்ட்டின் கொக்கியைத் தட்டிவிட்டான். ஈயம் போனது. மாப்பிள்ளை முதலில் மெல்லக் கிளம்பி, பிறகு கொக்கைத் தாண்டிக்கொண்டு, யாரோ மேலேயிருந்து இழுத்த மாதிரி வேகம் பிடித்துப் போனார். கொக்கு தலையை வெளியே நீட்டியபோது அவர் நெஞ்சு நிமிர்ந்து அலையில் ஆடிக்கொண்டிருந்தார். அவ்வளவு நன்றாக மிதந்தார்.

பிழைத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் நாள் கணக்கில் குழாய்களோடு கிடந்து, கண்ணைத் திறந்து, எழுந்து உட்கார்ந்து, கஞ்சி குடித்து, நடந்தார். வீட்டுக்கு அனுப்பினார்கள். தனியாகப் பார்த்துக்கொள்ள முடியாது என்று மகள் அவரைக் கூட்டிக்கொண்டு அப்பா வீட்டுக்கே வந்துவிட்டாள். கடைக்குப் பின்னால்தான் வீடு. நடுவில் ஒரு கதவு. அவரை ஜன்னலோரம் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். உடம்பில் ஒரு கீறல் கிடையாது. மூளைக்குக் காற்றுப் போகாமல் இருந்த நேரத்தில் உள்ளே எதெதுவோ அழிந்து போயிருந்தது.

பேச்சு இருந்தது. உறவு முறைகள் போய்விட்டன. முதல் நாள் என் மருமகள் சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனபோது, மரியாதையாகத் தலையை அசைத்து, "போதும்க்கா" என்றார்.

அவள் கை அப்படியே நின்றது.

"இன்னும் ஒரு வாய்" என்றாள்.

"வேண்டாம்க்கா. வீட்டுல தேடுவாங்க."

தோல்காரரைத் 'தம்பி' என்றார். என்னைப் பார்த்து, "இவர் யாரு, டிக்கெட் கொடுக்கறவரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எந்த ஊருக்கு வேண்டும் என்று கேட்டேன். யோசித்தார். மிகவும் கஷ்டப்பட்டு யோசித்தார். நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது.

அதன் பிறகு அந்தக் கடையில் நான் கதை சொல்லவில்லை. கேட்கவும் யாரும் இல்லை. தோல்காரர் தைத்துக்கொண்டே இருந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் அவள், "அக்கா இல்லைங்க, நான் உங்க பொண்டாட்டி" என்று சொல்வது கேட்கும். "சரிக்கா" என்று பதில் வரும். அவர் ஆழத்துக்குப் போக மாட்டார். தெருமுனைக்குக்கூடப் போக மாட்டார். அவள் கேட்டது கிடைத்துவிட்டது என்று என் வாயில் வந்தது. பல் இல்லாத வாயென்றாலும் மூடத் தெரியும்.

கொக்கு ஒரு நாள் மத்தியானம் வந்தான். ஆஸ்பத்திரியில் கழுத்திலிருந்து நெஞ்சுத் திண்டின் ஓரமாகக் கீழ்வரை கத்தரித்து எடுத்த தோல் அவன் கையில் இருந்தது. அதை மேசை மேல் வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தான். மகள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கதவருகே வந்து நின்றாள்.

"உக்காருங்கண்ணே."

"உக்கார மாட்டேன் தங்கச்சி. ஒண்ணு சொல்லணும். சொல்லிட்டுப் போயிடறேன்." அவன் கழுத்து இன்னும் நீண்ட மாதிரி இருந்தது. "ஈயம் நான் கொடுத்தது. அவர் கேட்டார், கொடுத்தேன். பயம்தான் உங்களைத் தூக்குதுன்னு கிண்டல் பண்ணதும் நான்தான். இங்க வந்து முகத்தைக் காட்டவே வெக்கமா இருந்துச்சு. என்னை ரெண்டு அடி அடிச்சிருங்க மாமா. இல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது."

தோல்காரர் மேசை மேல் கிடந்த தோலின் வெட்டைத் தடவினார். இரண்டு ஓரமும் நேராக இருந்தன. கை அதன் பழக்கத்துக்கு ஓரங்களைச் சேர்த்துப் பார்த்தது.

அவர் சொல்லாமல் இருந்தால் போதும். கொக்கு அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான், அதற்காகத்தான் வந்திருந்தான். மாமனாருக்குக் கடை இருக்கும், மகளுக்கு அப்பா இருப்பார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு எப்போதும் ஏதாவது ஒரு கதை தோன்றும். தோன்றவில்லை.

"உங்க ஈயம் இல்லண்ணே" என்றாள் மகள்.

"தங்கச்சி…"

"அவருக்கு உடம்பு போடல. பயமும் இல்ல. அந்த நெஞ்சுத் திண்டைப் பிரிச்சுப் பாருங்க. முதுகையும் பாருங்க. அப்பா உள்ள புது ரப்பர் வெச்சிருக்கார். இறங்க முடியாம மிதக்கட்டும்னு. நான்தான் பண்ணச் சொன்னேன்."

கொக்கு புரியாமல் என்னைப் பார்த்தான். என் கதைகளில் ஒன்றோ என்று நினைத்திருப்பான். நான் பேசவில்லை என்றதும், இடுப்புக் கத்தியை எடுத்துத் திண்டின் ஓரத்தைக் கீறி விரலை உள்ளே விட்டான். கனமான ரப்பர்த் துண்டு வெளியே வந்தது. விரல்களுக்கிடையில் வைத்து அமுக்கினான். விட்டதும் உப்பியது.

"இவ்வளவா?" என்றான்.

"மிதந்தாரே" என்றார் தோல்காரர். "அதுக்குத்தான வெச்சேன். ஈயம் போட்டு அவர் சரி பண்ணிட்டார். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சரியாப் போச்சே. அப்புறம் எப்படித் தம்பி?"

"மேல சரி." கொக்கின் குரல் எழவே இல்லை. "மேல இருக்கும்போதுதான் மாமா இது தூக்கும். கீழ போகப் போகத் தண்ணி அமுக்கும். உள்ள இருக்கற காத்தெல்லாம் சப்பையாயிடும். தூக்கறது போயிடும்." கையிலிருந்த துண்டைக் கசக்கி மூடிக் காட்டினான். "ஈயம் சப்பையாகுமா?"

தோல்காரர் ட்ரம்மைப் பார்த்தார். அதில் தண்ணீர் அசையாமல் இருந்தது.

"கூடப் போட்ட ஈயத்தைச் சுமந்துக்கிட்டுத்தான் கீழ இருந்து உதைச்சிருக்கார்" என்றான் கொக்கு. "உள்ள புது ரப்பர் இருக்குன்னு தெரிஞ்சிருந்தா அவ்வளவு ஆழம் போயிருக்க மாட்டார். எங்கள்ல எவனும் போக மாட்டான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா."

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "யாருக்கா வந்திருக்கறது?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

கொக்கு கத்தியை உறையில் போடப் போனவன், போடாமல் நின்றான். ஏதோ ஒன்றை உள்ளுக்குள் எண்ணிப் பார்ப்பவன் மாதிரி இருந்தான்.

"மாமா. போன தடவை நான் முழங்கால் கிழிஞ்சுதான் கொடுத்தேன். நீங்க முதுகுலயும் ஒரு ஒட்டு போட்டிருந்தீங்க. அங்க கிழியவே இல்ல. பலத்துக்குப் போட்டேன்னு சொன்னீங்க."

தோல்காரர் அவன் கையிலிருந்த துண்டைப் பார்த்தார்.

"அதுல இருந்துதான் எனக்கும் ஈயம் கூடப் போட வேண்டியிருந்துச்சு. உடம்பு போட்டுருச்சுன்னு நினைச்சேன்."

"உங்க அம்மா வந்தாங்க, தம்பி" என்றார் தோல்காரர்.

நான் அந்த வாளி மேல் உட்கார்ந்து அத்தனை வருஷம் பேசியிருக்கிறேன். நான் பேசிக்கொண்டிருந்தபோது, நான் சாப்பிடப் போயிருந்தபோது, அந்தக் கடைக்கு யார் யார் வந்து என்ன கேட்டுவிட்டுப் போனார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

"சின்னத் துண்டுதான் வெச்சேன்" என்றார். "எல்லாருக்கும் சின்னதுதான். ஒரு ஆபத்தும் வந்ததில்ல. நம்ம மாப்பிள்ளைன்னதும் மனசு கேக்கல. பெருசா வெச்சுட்டேன்."

"எல்லாருக்கும்னா?"

மகளும் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் இது புதுசு.

"எல்லாருக்கும்னா யாரு யாருக்கு மாமா?"

தோல்காரர் எழுந்து சுவரருகே போனார். தைத்து முடித்த தோல்கள் ஆணிகளில் வரிசையாகத் தொங்கின. முதல் தோலைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே விட்டார். இரண்டாவதைக் கழற்றி மேசை மேல் போட்டார். மூன்றாவதையும் போட்டார். நான்காவதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்து, அதையும் போட்டார். கொக்கு கத்தியோடு மேசைக்கு வந்தான். மகள் இன்னொரு பிளேடை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். இருவரும் திண்டுகளையும் ஒட்டுகளையும் பிரிக்க ஆரம்பித்தார்கள். தோல்காரர் ஆணி ஆணியாக நகர்ந்துகொண்டிருந்தார். சுவரில் விட்டவற்றைவிட மேசையில் போட்டவைதான் அதிகம்.